ஒரு கூட்டுக் கிணறு, ஆறு நாடு

மஞ்சள் விலையைப் பத்தி எழுதறேன்னு போன வாரம் சொல்லியிருந்தேன். அது அடுத்த தடவை. இந்த வாரம் கொஞ்சம் தூரமா ஐரோப்பா வரைக்கும் போயிட்டு வரலாம். கடைசியில நம்ம தோட்டத்துக்கே திரும்பி வந்துருவேன்.

மாரியம்மன் நோம்பிக்கு எங்க அண்ணன் பையன் வந்திருந்தான். ஜெர்மனியில ரைன் ஆத்தங்கரையில கேல்னு ஒரு சின்ன ஊர், அங்க குடியிருக்கான். ஆத்துக்கு அக்கரையில ஸ்ட்ராஸ்பூர்க். அது பிரான்ஸ். 2017ல இருந்து ரெண்டு ஊருக்கும் நடுவுல பாலத்து மேல டிராம் வண்டி ஓடுதாம். "சித்தப்பா, சாயங்காலம் வண்டி ஏறினா அந்த நாட்டுல போயி ரொட்டி வாங்கிட்டு வந்துருவேன். காசு கூட ஒரே காசுதான்"னான். பாஸ்போர்ட் பாக்க மாட்டாங்களான்னு கேட்டேன். "2024 செப்டம்பர்ல இருந்து ஜெர்மனி போலீஸ் திரும்பவும் அப்பப்ப நிறுத்திப் பாக்கறாங்க. பெரும்பாலும் யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல"ன்னான்.

மோட்டார் ரூம் படியில உக்காந்துதான் இதைப் பேசினோம். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. ஏன்னா அந்தப் படியில இருந்து பாத்தா தெரியற வரப்புக்காக எங்க குடும்பமும் பங்காளி குடும்பமும் பதினோரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்திருக்கோம். "அந்த ரெண்டு நாட்டுக்காரனும் சண்டையே போட்டதில்லையாடா?"ன்னு கேட்டேன். "போடாத சண்டையா? நீங்களே படிச்சுப் பாருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். ரெண்டு மாசமா ராத்திரியில போனை வெச்சுக்கிட்டு அதைத்தான் படிச்சுட்டு இருக்கேன்.

அந்த ஸ்ட்ராஸ்பூர்க் ஊர்ல 1870ல ஒரு குழந்தை பிறந்து எழுபத்தஞ்சு வயசு வரைக்கும் வீட்டை விட்டு நகராம இருந்திருந்தாலும், அதோட நாடு நாலு தடவை மாறியிருக்கும். பிறந்தப்ப பிரான்ஸ். 1871ல ஜெர்மனி. முதல் உலகப்போர் முடிஞ்சதும் பிரான்ஸ். 1940ல மறுபடி ஜெர்மனி. 1944 கடைசியில மறுபடி பிரான்ஸ். எழுபத்தஞ்சு வருஷத்துக்குள்ள மூணு பெரிய போர். ஒவ்வொண்ணுலயும் பையனைப் பறிகொடுத்தவங்கள்ல காடு தோட்டம் வெச்சிருந்த கிராமத்து ஜனங்களும் நிறைய.

சண்டைக்குப் பல காரணம். அதுல பெருசு நிலக்கரியும் இரும்பும். ஜெர்மனியில ரூர்னு ஒரு பகுதி, அங்க நிலக்கரி. பிரான்ஸ்ல லொரேன்னு ஒரு பகுதி, அங்க இரும்புத் தாது. ரெண்டும் சேர்ந்தாத்தான் எஃகு. எஃகு இருந்தாத்தான் பீரங்கி. அதனால ஒருத்தன் பொருள் மேல இன்னொருத்தனுக்கு எப்பவும் கண்ணு. 1923ல பிரான்சும் பெல்ஜியமும் பட்டாளத்தை அனுப்பி ரூர் பகுதியையே பிடிச்சு வெச்சாங்க. அந்தக் கோபத்தை ஜெர்மனிக்காரன் மறக்கல. பின்னாடி ஹிட்லர் அதையும் சேர்த்துத்தான் மூட்டி விட்டான்.

இந்த இடத்துல எங்க கிணத்துக் கதையைக் கொஞ்சம் சொல்லணும். அதை வெச்சுத்தான் எனக்கு இது புரிஞ்சுது.

எங்க அப்பாருவும் அவரோட தம்பியும் சேர்ந்து வெட்டின கிணறு. கவலை ஓட்டின காலத்துல சண்டை இல்ல. மாட்டுக்கு ஓய்வு கொடுக்கணும், அந்த நேரத்துல கிணத்துலயும் தண்ணி ஊறிக்கும். மோட்டார் வந்ததும்தான் வினை. ரெண்டு குடும்பமும் ஆளுக்கொரு மோட்டார் வெச்சாங்க. யார் முந்திப் போடறாங்களோ அவங்களுக்குத் தண்ணி. ராத்திரியில வாய்க்காலை வெட்டி விடறது, பைப்பை உடைக்கிறது, ஸ்டேஷன், கோர்ட்டு. கண்ணாலம் காட்சியில எல்லாம் பெரியவங்க கூப்பிட்டு "ஒத்துமையா இருங்கப்பா"ன்னு சொல்லாத நாளில்ல. ஒண்ணும் நடக்கல.

எப்படித் தீர்ந்துதுன்னா, ரெண்டு பக்கமும் சொந்தமில்லாத ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். சமாதானம் பேசல. ரெண்டு மோட்டாரையும் கழட்டச் சொன்னார். பொது மோட்டார் ஒண்ணு. முறை நோட்டு ஒண்ணு. நோட்டு அவர் வீட்டுல இருக்கும். தூர் வார்ற செலவு நிலத்து அளவுப்படி. அவ்வளவுதான். எங்கப்பாவும் பங்காளிப் பெரியப்பாவும் சாகற வரைக்கும் முகம் கொடுத்துப் பேசிக்கல. ஆனா வாய்க்காலும் வெட்டிக்கல.

ஐரோப்பாவுலயும் இதேதான் நடந்திருக்கு. 1950 மே 9ந்தேதி பிரான்ஸ் வெளியுறவு மந்திரி ராபர்ட் ஷூமன் ஒரு அறிவிப்பு படிச்சார். பிரான்ஸ், ஜெர்மனி ரெண்டோட நிலக்கரி, எஃகு மொத்தத்தையும் ஒரு பொது அமைப்புக்குக் கீழ வெச்சுருவோம், விருப்பம் இருக்கற மத்த நாடும் வரலாம்னார். போர் முடிஞ்சு அஞ்சு வருஷம்தான் ஆச்சு. நட்பு வந்ததுக்கு அப்புறம் சேருவோம்னு அவர் சொல்லல. பீரங்கி செய்யற பொருளே பொதுக் கணக்குல இருந்தா ஒருத்தனுக்குத் தெரியாம இன்னொருத்தன் போருக்குத் தயாராக முடியாது, அதுதான் யோசனை.

அந்த அறிவிப்பை எழுதினதுல முக்கியமான ஆள் ழான் மொனே. பிராந்தி வியாபாரி மகன். பதினாறு வயசுல படிப்பை விட்டவர். ப்ளஸ் டூவோட நின்னுபோன எனக்கு அதைப் படிச்சப்ப ஒரு சந்தோஷம். ஷூமனும் எல்லைக்காரர்தான். லக்சம்பர்க்ல பிறந்தவர், அப்பா லொரேன்காரர். அதனால ஜெர்மன் குடிமகனா வளர்ந்து, முதல் போருக்கு அப்புறம் பிரான்ஸ் குடிமகன் ஆனவர். இத்தாலி பிரதமர் டி காஸ்பெரி பிறந்த ஊர் அப்ப ஆஸ்திரியாகிட்ட இருந்துது. வரப்புச் சண்டையில மிதிபட்ட ஆளுங்கதான் வரப்பைப் பத்தி வேற மாதிரி யோசிச்சிருக்காங்க.

1951 ஏப்ரல்ல பாரிஸ்ல கையெழுத்து. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க்னு ஆறு நாடு. முறை நோட்டு வெச்சுக்க ஒன்பது பேர் கொண்ட ஒரு உயர் ஆணையம், அதுக்கு முதல் தலைவர் மொனே. அவங்க முடிவு ஆறு நாட்டையும் கட்டுப்படுத்தும். தகராறு வந்தா தீர்க்க ஒரு பொது நீதிமன்றம். பிரிட்டனைக் கூப்பிட்டும் அப்ப வரல.

இதுல என் மனசுல நின்னது வேற ஒரு விஷயம். பெல்ஜியத்துச் சுரங்கத்துல நிலக்கரி எடுக்கச் செலவு ஜாஸ்தி. சந்தையைத் திறந்து விட்டா ஜெர்மன் கரி உள்ள வந்து அந்தச் சுரங்கத்தை எல்லாம் மூடிரும். இது முன்னாடியே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அதனால ஜெர்மன், டச்சு நிலக்கரி மேல ஒரு வரி போட்டு, அந்தக் காசைச் சில வருஷத்துக்குப் பெல்ஜியச் சுரங்கங்களுக்குக் கொடுத்தாங்க. வேலை போன தொழிலாளிக்கு வேற வேலை பழக்க, குடிமாற, பணம் ஒதுக்கினாங்க. யாருக்கு நட்டம் வரும்னு ஒப்பந்தம் போடறப்பவே எழுதி வெச்சிருக்காங்க பாருங்க. நான் இங்க சொல்ல வந்ததுல பாதி இதுதான்.

அவசரப்பட்டு விழுந்ததும் உண்டு. அடுத்து பட்டாளத்தையும் பொதுவாக்கிருவோம்னு கிளம்பினாங்க. 1954 ஆகஸ்ட்ல பிரான்ஸ் பாராளுமன்றமே அதைத் தள்ளிருச்சு. திரும்பச் சந்தைப் பக்கம் வந்தாங்க. 1957 மார்ச்ல ரோம்ல ஒப்பந்தம் போட்டு, ஆறு நாட்டுக்கும் ஒரே பொதுச் சந்தைன்னு ஆரம்பிச்சாங்க.

இங்கதான் விவசாயி உள்ள வர்றான். அந்தக் காலத்துப் பிரான்ஸ்ல வேலை செய்யறவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் விவசாயி. ஜெர்மனிக்காரன் மிஷினு, காரு எல்லாம் விக்க சந்தை கேட்டான். பிரான்ஸ்காரன், எங்க கோதுமைக்கும் பாலுக்கும் என்ன வழின்னு கேட்டான். அதனால விவசாயிக்கு நியாயமான வருமானம், வாங்கறவங்களுக்குக் கட்டுபடியான விலைன்னு ரெண்டையும் ரோம் ஒப்பந்தத்துலயே எழுதினாங்க. 1962 ஜனவரியில பொது வேளாண் கொள்கை முடிவாச்சு. டிசம்பர் 31க்குள்ள முடிக்கணும்னு கெடு. முடியல. கடிகாரத்தை நிறுத்தி வெச்சதாக் கணக்குப் பண்ணிக்கிட்டு ஜனவரி 14 வரைக்கும் பேசி முடிச்சாங்களாம். வெள்ளாமை விலைக்காக மந்திரிங்க ராத்திரி பகலா உக்காந்தாங்கன்னு படிக்கறப்ப பெருமூச்சுதான் வருது.

கொள்கை ரொம்ப எளிசு. விலை ஒரு அளவுக்குக் கீழ போனா அரசாங்கமே வாங்கிக்கும், நம்ம நெல் கொள்முதல் மாதிரி. வெளிநாட்டுத் தானியம் மலிவா வந்தா வித்தியாசத்துக்கு வரி போட்டு சமன் பண்ணிரும். போருக்கு அப்புறம் பசியைப் பாத்த ஜனங்க. நெதர்லாந்துல 1944-45 குளிர்காலத்துல பட்டினியில ஆயிரக்கணக்கான பேர் செத்திருக்காங்க. அதனால சாப்பாட்டுக்குச் செலவு பண்ண யாரும் யோசிக்கல.

ஆனா விவசாயிக்கு நல்லது பண்ணினா எல்லாமே நல்லதா முடியும்னு நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு விளைவிச்சாலும் வாங்கிக்கறேன்னா யாரு நிறுத்துவா? வெண்ணெய் மலை மாதிரி குவிஞ்சுது. 1980களோட ஆரம்பத்துல பொது பட்ஜெட்ல மூணுல ரெண்டு பங்கு விவசாயத்துக்கே போச்சு. அதுலயும் பெரிய பண்ணைக்காரனுக்குத்தான் பெரிய பங்கு. மிச்சத்தை மானியம் கொடுத்து வெளிநாட்டுச் சந்தையில தள்ளினாங்க. அந்த விலையில ஏழை நாட்டு விவசாயி நிக்க முடியல. 1984ல ஒவ்வொரு நாட்டுக்கும் பாலுக்கு அளவு வெச்சாங்க. அந்தக் கட்டுப்பாடு 2015 வரைக்கும் இருந்துது.

சென்னையில இருக்கறவங்களுக்கு ஒரு சேதி. அந்த மிச்சப் பால்ல ஒரு பங்கு உங்க ஊருக்கும் வந்திருக்கு. 1970ல நம்ம நாட்டுல வெண்மைப் புரட்சி ஆரம்பிச்சப்ப, ஐரோப்பியச் சமூகம் ஐ.நா. உணவுத் திட்டம் வழியா பால் பவுடரும் வெண்ணெய் எண்ணெயும் நன்கொடையாக் கொடுத்துது. அதைச் சும்மா கொட்டியிருந்தா நம்ம பால்காரன் செத்திருப்பான். குரியன் அதைப் பாலாக்கி டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ்ல வித்து, அந்தப் பணத்தைக் கூட்டுறவுப் பால் சங்கங்கள்லயே போட்டார். வந்த பொருள் ஒண்ணுதான். கணக்கு யார் கையில இருந்துதுங்கறதுதான் வித்தியாசம்.

அங்கயும் சின்ன விவசாயி அடி வாங்கியிருக்கான். மான்ஷோல்ட்னு ஒரு வேளாண் ஆணையர், அவரே டச்சுக்கார விவசாயி. 1968 டிசம்பர்ல ஒரு திட்டம் போட்டார். சின்னப் பண்ணையம் கட்டுபடியாகாது, அம்பது லட்சம் பேர் விவசாயத்தை விட்டு வெளியேறணும்னார். கணக்குப்படி அவர் சொன்னது தப்பில்லாமக் கூட இருக்கலாம். ஆனா அந்த அம்பது லட்சத்துல ஒருத்தனா இருக்கப் போறவன்கிட்டக் கேக்காம எழுதின கணக்கு. 1971 மார்ச்ல பிரஸ்ஸல்ஸ் தெருவுல ஒரு லட்சம் விவசாயிங்க இறங்கினாங்க. ஒரு உயிர் போச்சு. 2004ல போலந்து மாதிரி புது நாடுங்க சேர்ந்தப்பவும் அப்படித்தான். பழைய நாட்டு விவசாயிக்குக் கிடைக்கற நேரடிப் பணத்துல கால் பங்குதான் முதல் வருஷம் கொடுத்தாங்க. முழுசா ஆக 2013 வரைக்கும் ஆச்சு. 2024 பிப்ரவரி 1ந்தேதி மறுபடி பிரஸ்ஸல்ஸ்ல டிராக்டர் நின்னுது. போலந்து விவசாயிங்க உக்ரைன் எல்லைச் சாலையை மறிச்சாங்க. உக்ரைன் மேல அவங்களுக்குப் பகை கிடையாது. போருக்கு உதவின்னு உக்ரைன் தானியத்தை வரியில்லாம உள்ள விட்டதுல விலை விழுந்துது, அந்த நட்டம் எங்க தலையில மட்டும் ஏன்னு கேட்டாங்க.

விட்டுப் போனவங்க கதையும் இருக்கு. பிரிட்டன் 1973ல வந்து சேர்ந்துது. 2016 ஜூன்ல ஓட்டெடுப்பு வெச்சு, நூத்துக்கு 52 பேர் வெளிய போகலாம்னாங்க. 2020 ஜனவரி 31ல போயிட்டாங்க. யாரும் படை எடுத்துத் தடுக்கல, அது பெரிய விஷயம். வெளிய போகச் சொல்லி ஓட்டுப் போட்டதுல விவசாயிங்களும் நிறைய. அப்புறம் அவங்க அரசாங்கம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோட தனி ஒப்பந்தம் போட்டு 2023ல அமலாக்கிச்சு. இப்ப அங்கிருந்து வர்ற ஆட்டுக்கறி, மாட்டுக்கறியோட போட்டி போடணுமேன்னு கவலைப்படறாங்க.

சரி, நம்ம பக்கம் வருவோம். 1985 டிசம்பர் 8ந்தேதி டாக்காவுல சார்க் ஆரம்பிச்சாங்க. ஏழு நாடு, 2007ல ஆப்கானிஸ்தான் சேர்ந்து எட்டு. அதோட சாசனத்துல ரெண்டு விதி. எல்லா முடிவும் ஒருமனதா இருக்கணும். ரெண்டு நாட்டுக்கு நடுவுல இருக்கற தகராறை அங்க பேசக்கூடாது. அதாவது கிணத்தைப் பத்திப் பேசாம ஒத்துமையா இருங்கன்னு எங்க பெரியவங்க கண்ணாலத்துல சொன்னாங்களே, அதே மாதிரி. 2014 நவம்பர்ல காட்மாண்டுல நடந்ததுதான் கடைசி உச்சி மாநாடு. இந்த நாடுகளுக்குள்ள நடக்கற வியாபாரம், அவங்க மொத்த வெளிநாட்டு வியாபாரத்துல நூத்துக்கு அஞ்சு அளவுக்குத்தான்.

தகராறைத் தொட்ட ஒரு ஒப்பந்தமும் நம்மகிட்ட உண்டு. 1960ல உலக வங்கி நடுவுல இருந்து போட்ட சிந்து நதி ஒப்பந்தம். கிணத்தைக் கூட்டா வெச்சுக்காம, ஆறு ஆத்தையும் பாகம் பிரிச்சுக்கிட்டாங்க. ஆனாலும் 1965, 1971, 1999 சண்டை எல்லாம் தாண்டி நின்னுது. 2025 ஏப்ரல்ல பஹல்காம் தாக்குதலுக்கு அப்புறம் இந்தியா அதை நிறுத்தி வெச்சிருக்கு. அந்த முடிவு சரியா தப்பாங்கறதுக்குள்ள நான் போகல. தகராறை நேரடியாப் பேசின ஒப்பந்தம் அறுபத்தஞ்சு வருஷம் தாங்கிச்சு, பேசாத அமைப்பு மாநாடு கூடப் போட முடியாம நிக்குது. இதை மட்டும் பாருங்க.

நட்டக்காரனைக் கேக்காம போடற ஒப்பந்தத்துக்கும் நம்ம பக்கமே உதாரணம் இருக்கு. இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பர்ல தாராள வர்த்தக ஒப்பந்தம் போட்டு 2000ல அமலாக்கினாங்க. நல்ல காரியம்தான், பக்கத்து வீடு. ஆனா வியட்நாம் மிளகு இலங்கைப் பேருல உள்ள வருதுன்னு மிளகு விவசாயிங்க ரொம்ப வருஷம் கத்தினாங்க. 2017 டிசம்பர்ல தான் கிலோ 500 ரூபாய்க்குக் கீழ இறக்குமதி பண்ணக்கூடாதுன்னு அரசாங்கம் விதி போட்டுது. கொல்லிமலையில அஞ்சாறு கொடி வெச்சிருக்கறவனுக்கு அது கேட்டுச்சா இல்லையான்னு டெல்லிக்கு எப்படித் தெரியும்?

டவுன்ல இருக்கற உங்ககிட்ட நான் கேக்கறது ரெண்டு. பக்கத்து நாட்டோட ஒப்பந்தம்னு பேப்பர்ல வந்தா, விலை குறையும்னு மட்டும் பாத்துட்டுப் பக்கத்தைத் திருப்பாதீங்க. யார் விலை குறையுது, அவனுக்கு என்ன எழுதியிருக்காங்கன்னு ஒரு வரி தேடுங்க. அந்த வரி இல்லாட்டி அந்த ஒப்பந்தம் ஒரு நாள் ரோட்டுல டிராக்டரா வந்து நிக்கும். ரெண்டாவது, அண்டை நாட்டோட சேர்றதுன்னாலே ஏமாளித்தனம்னு பேசறவங்களையும் அப்படியே நம்பாதீங்க. பிரான்சும் ஜெர்மனியும் பட்டதை விட அதிகமா யாரும் பட்டுடல. அவங்க மன்னிச்சதுக்கு அப்புறம் சேரல. சேர்ந்து கணக்குப் பாத்துப் பாத்து, கோபம் தானா ஆறியிருக்கு.

கடைசியா எங்க கிணறு. போன வருஷம் பங்காளிப் பெரியப்பாவோட பேரன், "எனக்கு முறையும் வேண்டாம், நோட்டும் வேண்டாம், தனியா போர் போட்டுக்கறேன்"னு விலகிட்டான். தொள்ளாயிரம் அடி. நாலு மாசம் நல்லா வந்துது. இப்பக் காத்துதான் வருது. திரும்பச் சேர்த்துக்கங்கன்னு போன வாரம் வந்து நின்னான். எங்க வீட்டுல, "நம்ம பேச்சைக் கேக்காம போனவன்தானே, கொஞ்ச நாள் காயட்டும்"கிறாங்க. எனக்கும் அந்த ஆசை இல்லாம இல்ல. அவங்க தாத்தா ராத்திரியில வெட்டி விட்ட வாய்க்காலை விடிய விடிய மண் வெச்சு அடைச்சவன் நான், அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு.

வர்ற ஞாயித்துக்கிழமை உக்காந்து பேசறோம். வாத்தியார் போயிச் சேர்ந்துட்டார், நோட்டு இப்ப அவர் மகள்கிட்ட இருக்கு. அவனைச் சேர்த்துக்கலாம்னுதான் நான் சொல்லப் போறேன். விட்டுப்போன ஒரு வருஷத்துத் தூர் செலவுல அவன் பங்கைக் கட்டணும், முறை பழையபடி. நட்டத்துல இருக்கறவன், ரெண்டு தவணையாக் கட்டட்டும். அதையும் நோட்டுலயே எழுதிருவோம்.

இன்னைக்கு என் முறை விடியக்காலம் மூணு மணிக்கு. மஞ்சளுக்குத் தண்ணி கட்டணும். வர்றேனுங்க.